சகலை போட்ட தாயம்

எங்கள் மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் உண்டு. அதில் ஒன்றுதான் நாற்காலி, மற்ற மூன்றும் உட்காரும் சாமான்கள். அந்த மாடி அறையில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் நடுவில் இல்லை. வீடு கட்டிய கொத்தனாருக்கும் ஒயர் இழுத்தவருக்கும் ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்க வேண்டும், மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மூலையில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்தவருக்குப் புதுக்கோட்டையின் சித்திரை மாதம் மார்கழி. மற்றவர்களுக்குச் சித்திரை சித்திரையேதான்.

அந்த நாற்காலியில் இரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. மந்திரத்தைத் தப்பாகப் போட்டுச் சம்பாதித்தது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை மாந்திரீகம் செய்கிறவன் என்று நினைத்து யாராவது எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள். என் கல்லூரிக் கூட்டாளி ஒருவன் பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தன் வீட்டு மாடியில் ஒரு விளையாட்டு நடத்துவான். கதை விளையாட்டு. அவன் கதை சொல்லுவான், நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் வருவார். கடையில் இருமல் மருந்தைக்கூட மெதுவாக எடுத்துக் கொடுக்கிற அவர், இங்கே இரட்டைக் கோடாலி ஏந்திய வீராங்கனை. நான் மந்திரவாதி. ‘எதிரே பூதம் நிக்கிது, என்ன செய்யப்போறே?’ என்று கூட்டாளி கேட்பான். நாம் செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண்ணுக்கு நடக்காது. ஒன்று விழுந்தால் நினைத்ததற்கு நேர்மாறாக ஏதாவது நடந்து தொலைக்கும். என்ன நடந்தது என்பதைக் கூட்டாளி அந்த நிமிடமே கற்பனை செய்து சொல்வான்.

அப்படி நடந்து தொலைத்தவற்றை எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. மருந்துக் கம்பெனிக்காரர்கள் அக்காவுக்குக் கொடுத்த டைரி அது. அட்டையில் வாயுத்தொல்லை மாத்திரையின் படம். உள்ளே எங்கள் மந்திரப் பிசகுகள். எல்லாப் பிசகும் அதில் ஏறாது. மேசையே சிரித்து, அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தால்தான் ஏறும். யாருடைய பிசகு கடைசியாக ஏறியதோ அவருக்கு ஃபேன் நாற்காலி. அடுத்தவர் பிசகு ஏறும்வரை அவரை அங்கிருந்து எழுப்ப முடியாது.

முதல் பக்கத்தில் இருப்பது என் மோர்க் கதை. கோட்டைக்குள் நுழைய மறைவு மந்திரம் போட்டேன், ஒன்று விழுந்தது. ‘மந்திரம் பலிச்சுருச்சு மாப்ள. ஒன் ஒடம்பு ஒங் கண்ணுக்கு மட்டும் தெரியாது, ஊருக்கே தெரியும்’ என்றான் கூட்டாளி. அது என் வேஷத்துக்குத் தெரியாதல்லவா? எனவே என் மந்திரவாதி, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், காவல்காரர்கள் நடுவே கையை வீசிக்கொண்டு நடந்தார். ஒருவனுடைய மீசையை இழுத்துப் பார்த்தார். இன்னொருவன் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்து நக்கினார். பாவம், வெயிலில் மூளை கலங்கிய யாரோ என்று நினைத்து அவர்கள் நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். செம்பு தானாக அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்து இவர்கள் மிரளவில்லையே என்று என் மந்திரவாதிக்கு ஒரே ஆச்சரியம். அன்று அக்கா கண்ணாடியை இரண்டு முறை கழற்றினார்.

அதிலிருந்து இரண்டு வருடம், ஏழெட்டுப் பக்கம், எல்லாம் நான்தான். நடுவில் அக்கா ஒரே ஒரு முறை கோடாலியை எதிரியின் மேல் வீசி, அது போய்க் கல்யாணப் பந்தலைச் சாய்த்து, ஒரு வாரம் ஃபேன் காற்று வாங்கினார். அடுத்த வாரமே மீட்டுவிட்டேன். வார நாட்களில் விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். அதாவது, வருகிற திருகாணிகளில் கோணலானதைப் பொறுக்கிச் சிவப்பு ஒட்டுவில்லை ஒட்டுவது. நாள் முழுக்க மற்றவற்றின் பிழையைப் பார்க்கிறவனுக்கு, வாரம் ஒரு நாள் தன் பிழையைக் காட்டிக் கைதட்டு வாங்குவது எப்பேர்ப்பட்ட சுகம் என்று சொன்னால் புரியாது.

அப்போதுதான் சகலை லீவில் வந்தார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வல்லத்திராக்கோட்டைக்காரர். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவு. குன்றாண்டார்கோவிலில் இருக்கும் மாமியார் வீட்டில் நான்தான் எட்டு வருடமாகக் கலகலப்பான மாப்பிள்ளை. கறிக்குழம்பில் ஈரல் எனக்கு வரும். சகலை லீவில் வந்தால் அந்த இரண்டு மாதம் ஈரல் அந்தப் பக்கம் போகும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கடல் தாண்டிப் போய் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும் மனுஷர், ஈரல் தின்னட்டும். நான் அவ்வளவு அற்பன் இல்லை. அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயத்தில்தான் அற்பன் என்பது பிறகு தெரிந்தது.

“ஏங்க, அத்தான் ஞாயித்துக்கெழம வீட்டுல சும்மாதானே இருக்காக. ஒங்க வெளயாட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்” என்றாள் மனைவி.

“அவருக்கு இதெல்லாம் புடிக்காது.”

“நீங்களே போறீக. அவுகளுக்கு என்ன?”

சகலை சிரிக்கிற ஆள் இல்லை. சிரிப்பு பிடிக்காதவர் என்றும் சொல்ல முடியாது, அவருக்கு அதற்கு நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டு, யோசித்து, பதில் சொல்வார். வெடிச்சிரிப்பு ஜோக் ஒன்றைச் சொல்லி முடித்தால், ‘அப்பறம் அந்த ஆளு வீடு போய்ச் சேந்தாரா?’ என்று கேட்பார். இவரால் என் நாற்காலிக்கு ஆபத்து வரும் என்று எந்தத் தரப் பரிசோதகனும் சொல்ல மாட்டான்.

முதல் ஞாயிறு. கூட்டாளி விதிகளைச் சொன்னான். சகலை பூசாரி வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டார். “பூசாரின்னா சண்டையில முன்னாடி நிக்க வேணாமுல்ல தம்பி? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

கதையில் ஒரு நகரம். அதன் சிறையில் அடைபட்ட தளபதியை நாங்கள் மீட்க வேண்டும். சிறையின் வெளிக்கதவு பூட்டியிருக்கிறது. பூசாரி கதவு திறக்கும் மந்திரம் போட்டார். பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதி, மேசையில் உருட்டினார். ஒன்று விழுந்தது.

“தாயம்” என்றார் சகலை, நிறைவாக. பகடையை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

“அண்ணே, ஒண்ணு விழுந்தா மோசம்ணே. இருக்கிறதுலயே மோசம்” என்றான் கூட்டாளி.

சகலை கையை நிறுத்தி அவனைப் பார்த்தார். கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பார். “எந்த ஊருலங்க தம்பி தாயம் போட்டவன் தோப்பான்? தாயம் விழுந்தாத்தானே காயே எறங்கும்? விழுந்தா மறுபடி போடணும். அது எங்கயும் உள்ளதுதானே.”

நாங்கள் மூன்று பேரும் தாயக்கட்டத்தில் வளர்ந்தவர்கள். திண்டாடிப்போனோம். ஒன்று விழாமல் ஒரு மத்தியானம் முழுக்கக் காயை வெளியிலேயே வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகள் நாங்கள். ஒன்றைக் கெட்டது என்று எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது? அக்காவுக்கு அதற்குள்ளாகவே கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

கூட்டாளி தீர்ப்புச் சொன்னான். “சரிண்ணே. தாயம் தாயந்தான். பெசகு நடக்கும், ஆனா மறுபடி ஒரு தடவ போடுங்க. ரெண்டாவது விழுகிற எண்ணு, பெசகு எம்புட்டுப் பெருசுன்னு சொல்லும். மறுபடியும் தாயம் விழுந்தா இன்னொரு பெசகு, இன்னொரு ஆட்டம். இனிமே இந்த மேசைக்கு இதான் விதி.”

இரண்டாவதில் பதினெட்டு விழுந்தது. கூட்டாளி கண்ணை மூடி யோசித்தான். அந்த நகரத்தில் உள்ள எல்லாக் கதவும் திறந்துகொண்டன. வீட்டுக் கதவு, மாட்டுக் கொட்டடி, பீரோ, தூக்குவாளி மூடி, சட்டைப் பொத்தான் எல்லாமே. அந்த ஒரு வெளிக்கதவைத் தவிர.

நாங்கள் சிரித்து முடிக்கும்வரை சகலை காத்திருந்தார். பிறகு கேட்டார். “அப்ப உள்ள அந்தத் தளவதி இருக்குற ரூமுக் கதவும் தொறந்துருக்குமுல்ல?”

“தொறந்துருக்கும்.”

“பொறவாசல்னு ஒண்ணு இருக்குமுல்ல?”

“இருக்கும்.”

“அப்ப அவரு நடந்து வந்துருவாரு. நாம நிழல்ல நிப்பம்.”

தளபதி நடந்து வந்தார், பொத்தான் திறந்துகொண்ட சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு. நான் மூன்று வாரமாகத் திட்டமிட்ட சிறை மீட்பு, இரண்டு உருட்டலில் முடிந்தது. அக்கா நோட்டை எடுத்தார். சகலை ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். “எதுக்குங்க என்னய இங்கிட்டு மாத்துறீங்க? நான் அங்கிட்டே நல்லாத்தானே இருந்தேன்” என்று வேறு கேட்டார்.

நானும் சிரித்தேன். வாய்தான் சிரித்தது. என் பிசகு என் பிழைப்பு. இவர் வந்து முதல் நாளிலேயே, அதுவும் தான் சிரிப்புக் காட்டுகிறோம் என்றே தெரியாமல், என் பிழைப்பில் கையை வைத்துவிட்டார். போதாததற்கு என் பிசகால் இதுவரை எவருக்கும் நன்மை விளைந்ததில்லை. இவருடையது சிரிப்பும் மூட்டுகிறது, காரியத்தையும் முடிக்கிறது.

அடுத்த வாரம் தீப்பிடித்த ஒரு கிராமம். பூசாரி மழை மந்திரம் போட்டார். தாயம். மழை பெய்தது, தரையிலிருந்து மேலே. ஜனங்கள் குடையைக் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் சிரித்து உருண்டோம். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பி, இந்தத் தண்ணி எங்கேருந்து போவுது?”

“தரையிலேருந்துதாண்ணே.”

“கம்மாத் தண்ணியா?”

“ஆமா, அதுவும் போகும்.”

“அப்ப கம்மா வத்திருமேங்க. வெவசாயத்துக்கு என்ன செய்வாக?”

அன்றைக்கு நாங்கள் பூதத்தைத் தேடிப் போகவே இல்லை. வானத்துக்குப் போன கண்மாய்த் தண்ணீரைத் திரும்ப இறக்கும்வரை அந்த ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று பூசாரி உட்கார்ந்துவிட்டார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். வயிறு நனைந்த ஆடுகளுக்குச் சளி பிடிக்காமலிருக்க என்ன கொடுப்பது என்று அக்காவிடம் ஆலோசனை கேட்டார். அக்கா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மருந்து சொன்னார். நோட்டில் இரண்டு பக்கம் ஏறியது.

இதற்கு நடுவில் நானும் முயற்சி செய்யாமல் இல்லை. எனக்கு ஏழு விழுந்தது. பதினொன்று விழுந்தது. ஒரு வாரம் இருபது விழுந்து, நெருப்பு உருண்டை மந்திரம் பிரமாதமாகப் பலித்து, ஒரே அடியில் பூதம் செத்துப்போனது. ‘நல்லாப் போட்டீங்க தம்பி’ என்று அக்கா போண்டாவைக் கடித்துக்கொண்டே சொன்னார். அதைப்போல ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

மாமியார் வீட்டில் நிலைமை அதைவிட மோசம். சகலையின் மேல்நோக்கு மழை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னது என் மனைவிதான். மாமனார் சாப்பிடும்போது அதை நினைத்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. எட்டு வருடமாக என் ஜோக்குகளுக்கு அந்த மனுஷர் மீசையை மட்டும் தடவிக்கொடுத்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நான் கலகலப்பான மாப்பிள்ளையாக இருந்தது என் திறமையால்தானா, அல்லது மற்ற மாப்பிள்ளை ஊரில் இல்லாததாலா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவரை விமானம் ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். அவர் போன பிறகு நாற்காலி தானாக எனக்கு வரும். அப்படி வருவது எனக்கு வேண்டாம். அவர் கண் முன்னால், அவரை எழுப்பிவிட்டு, நான் உட்கார வேண்டும்.

அதற்கு எனக்கு ஒரு தாயம் வேண்டும். விழ மாட்டேன் என்கிறதா, நானே செய்துகொள்கிறேன்.

இருபது முகப் பகடையில் ஒன்றுக்கு நேர் எதிரே இருப்பது இருபது. இருபதின் பக்கம் கனத்தை ஏற்றினால் அது அடியில் போகும், ஒன்று மேலே நிற்கும். எங்கள் மேசையின் நான்கு பகடைகளும் ஒரே மாதிரி சிவப்பு. அவற்றைச் சோதித்துப் பச்சைப் பொட்டு ஒட்டிக் கொடுத்தவனே நான்தான். உப்புத் தண்ணீரில் பகடையை மிதக்கவிட்டுச் சுண்டிப் பார்த்தால், ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வந்தால் கனம் கோணல் என்று அர்த்தம். இந்த வித்தையை நான் அக்காவுக்கும் கூட்டாளிக்கும் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறேன். ஊரில் பூட்டுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவனே கள்ளச்சாவி செய்ய உட்கார்ந்த மாதிரி, என் பகடையில் இருபதின் சுழியத்துக்குள் மெல்லிய துளை போட்டு, சின்ன இரும்புக் குண்டு ஒன்றை இறக்கி, பசை வைத்து அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசினேன். இரண்டு நாள் வேலை. சாப்பாட்டுத் தட்டில் ஐம்பது முறை உருட்டினேன். நாற்பத்தேழு முறை ஒன்று. என் தொழிற்சாலையில் நல்ல சாமான்கூட இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

“என்ன, தனியா ஒக்காந்து தாயம் போட்டுக்கிட்டு இருக்கீக?” என்றாள் மனைவி.

“தொழில் சம்பந்தமா.”

“வெளங்கிரும்.”

உலகத்தில் எல்லோரும் ஜெயிப்பதற்காகப் பகடையில் திருட்டுத்தனம் செய்வார்கள். தோற்பதற்காகச் செய்தவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நானே சிவப்பு ஒட்டுவில்லை ஒட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை சகலைக்கு விமானம். கதையில் வெள்ளம் பெருகி ஓடும் ஒரு ஆறு, அக்கரையில் கோயில், அதற்குள் நாங்கள் தேடி வந்த மணி. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “பாலம் கட்டும் மந்திரம் போடுறேன்.” பகடையை உருட்டினேன்.

ஒன்று.

“தாயம்” என்றார் சகலை, எனக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டு.

பாலம் வந்தது என்றான் கூட்டாளி. ஆற்றுக்குக் குறுக்கே இல்லை, நீளவாக்கில். ஆறு போகிற திசைக்கே பாலமும் போனது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என் நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம், கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

“மறுபடி போடுங்க சகலை” என்றார் சகலை.

விதி. அவர் பெயரால் வந்த விதி. தாயம் விழுந்தால் மறுபடி போட வேண்டும். போட்டேன். ஒன்று.

பாலம் வளர ஆரம்பித்தது. வளர்ந்து வளர்ந்து கடல் வரைக்கும் போய், கடலுக்குள்ளும் போனது. அக்கா கண்ணாடியைக் கழற்றினார். அத்தோடு நிறுத்திக்கொள்ள நான் ஆசைப்பட்டேன். ஆனால் இரண்டாவதும் தாயம். மறுபடி போட வேண்டும்.

ஒன்று. இம்முறை ஆறு எழுந்து பாலத்தின் மேல் ஏறிக்கொண்டது. கூட்டாளி மூச்சு வாங்கினான். சகலை மட்டும், “அப்ப அடியில காஞ்சு கெடக்குமே. நடந்தே போயிரலாமே” என்றார். அக்காவால் எழுத முடியவில்லை, பேனா ஆடியது.

“மறுபடி போடு மாப்ள” என்றான் கூட்டாளி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பகடை நிற்காது. தாயம் விழ விழ நான் உருட்ட வேண்டும், நான் உருட்ட உருட்டத் தாயம்தான் விழும். மேசையில் எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்க்கிறார்கள். உள்ளங்கை வேர்த்தது. வேகமாகச் சுண்டினால் வேறு எண் வரலாம் என்று சுண்டிவிட்டேன். அது மேசை விளிம்புவரை ஓடி, சுவரில் மோதி, திரும்பி வந்து, என் முன்னால் அடக்கமாக நின்றது. ஒன்று.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளிக்குக் கற்பனை தீர்ந்துவிட்டது. “பாலம்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“அஞ்சாவது” என்றார் அக்கா. குரலில் மருந்துக்கடை வந்துவிட்டது. சீட்டில் உள்ள கையெழுத்துச் சந்தேகமாக இருந்தால் அவர் அப்படித்தான் பேசுவார். நான் பகடையை எடுத்தேன், அது வழுக்கி மேசையில் விழுந்தது. உருட்டவே இல்லை, விழத்தான் செய்தது. ஒன்று.

“தம்பி, ஒங்க உப்புத்தண்ணி சோதனை போட்டுருவமா?” என்றார் அக்கா, எழுந்துகொண்டே. “கீழ போயி ஒரு கை உப்பு வாங்கிட்டு வாரேன்.”

இரண்டு வருடம், ஏழெட்டுப் பக்கம், மோர்க் கதை, எல்லாம் அந்த உப்புத் தண்ணீரில் மிதக்கப்போகிறது. நோட்டில் என் பெயர் வரும் ஒவ்வொரு பிசகையும் இனிமேல் சந்தேகத்தோடு புரட்டுவார்கள்.

“இருங்க தங்கச்சி” என்றார் சகலை. “சகலை கைராசிய நானும் ஒருக்காப் பாக்குறேன்.” என் முன்னாலிருந்த பகடையை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி அப்படியே இருந்தார். நாள் முழுக்கக் கம்பி வடத்தில் பாரம் தூக்குகிறவர். கனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய அவருக்குத் தராசு தேவையில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. பிறகு இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்து, ஊதி, உருட்டினார்.

பதினான்கு.

என் பகடையில் பதினான்கு விழ வழியே இல்லை. அவர் இடக்கையைப் பார்த்தேன், மூடியிருந்தது. மேசையில் கிடந்தது அவருடைய பகடை.

“பாத்தீங்களா, காச்சல் எறங்கிருச்சு” என்றார் சகலை.

அறை வெடித்தது. அக்கா உப்பை மறந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஐந்து தாயம். நோட்டில் மூன்று பக்கம். சகலை தானாகவே எழுந்து ஃபேன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “வாங்க, ஒங்க எடம்.” உட்கார்ந்தேன். காற்று பிடரியில் பட்டது. அந்த ஃபேன் கடகடவென்று அவ்வளவு சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவரை வல்லத்திராக்கோட்டையில் விட பைக்கில் போனோம். பாதி வழி தாண்டியது. பிறகு பின்னாலிருந்து கேட்டார்.

“எத்தன நாளு வேல அது?”

“ரெண்டு நாள்.”

“நல்லா அடச்சுருக்கீங்க. கண்ணுக்குத் தெரியவே இல்ல.”

நான் கியர் மாற்றினேன்.

“ஃபேனுக்காகவா சகலை?”

“ஃபேனுக்கில்லங்க. ஒங்களப் பாத்து அவங்க சிரிச்சாங்கள்ல, அதுக்கு.”

அவர் வழக்கம்போல அதை முழுக்கக் கேட்டு யோசித்தார். ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போகும்வரை யோசித்தார். “எதுக்குச் சிரிச்சீகன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலங்க. கம்மா வத்துனா சிரிக்கிறீக, ஆடு நனஞ்சாச் சிரிக்கிறீக. சரி, ஏதோ நல்லாத்தான் செய்யிறோம் போலருக்குன்னு இருந்துட்டேன். ரெண்டு மாசமும் ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு இருந்துச்சு.”

நான் பைக்கை ஓட்டுவதில் மிகுந்த கவனம் செலுத்தினேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இடக்கையை நீட்டினார். அதில் என் பகடை. கொடுக்கப்போகிறார் என்று கை நீட்டினேன். “இத நா வச்சுக்கிறவா? அங்கிட்டு ரூம்ல தாயம் போடுவோம். கட்ட கெடயாது, புளியங்கொட்டையத்தான் ஒரசிப் போடுறது. ஒருத்தன் இருக்கான், அவனுக்குத் தாயமே விழாது. வெள்ளிக்கெழம முழுக்க வெளியவே நிப்பான்.”

அடுத்த ஞாயிறு நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்லவன் ஆகிவிட்டதால் இல்லை. அந்த ஐந்து தாயத்தில் உண்மையிலேயே சிரிப்பு எதுவோ அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. நிற்காத பகடையோடு நான் வேர்த்த கதைதான் என் வாழ்நாளின் மிகப் பெரிய பிசகு, மோர்க் கதையெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. அதைச் சொல்லாவிட்டால் நாற்காலி இருந்து என்ன? அக்கா மூன்று முறை கண்ணாடியைக் கழற்றினார். கூட்டாளி தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு இருவரும் கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். பிசகு நோட்டில் ஏறும். ஆனால் அது கதைக்கு உள்ளே நடந்த பிசகு இல்லை, வெளியே நடந்த களவாணித்தனம், ஆகவே நாற்காலி கிடையாது. சகலை அடுத்த லீவில் வரும்வரை அது காலியாக இருக்கும்.

“அதுவரைக்கும் எனக்குச் சேரவேண்டிய காத்து?” என்று கேட்டேன்.

“வீணாப் போகாது தம்பி” என்றார் அக்கா.

சகலை வாரம் ஒரு முறை மாமியார் வீட்டுக்கு வீடியோவில் பேசுகிறார். அந்தப் பகடையை அவர் ஆட்டத்துக்கு எடுப்பதில்லையாம். வெகுநேரம் காய் இறங்காமல் நிற்கிறவனுக்கு மட்டும் ஒரே ஒரு உருட்டலுக்குக் கொடுத்து வாங்கிக்கொள்வாராம். எல்லோருக்கும் சம்மதம். மற்ற நாட்களில் அது கிரேன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. ‘எம்புட்டு ஆட்டம் ஆடுனாலும் தாயந்தான் நிக்கிது, நம்ம சகலை வேலப்பாடு’ என்று காட்டினாராம். அதைக் கேட்டு மாமனாருக்கு மறுபடி புரையேறியது. நான் செய்த திருட்டுப் பகடையிலும் சிரிக்க வைத்த பேர் அவருக்குத்தான்.

போன ஞாயிறும் மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, அந்த நாற்காலியில், சூடு ஆறுவதற்காக அக்கா வைத்த போண்டாத் தட்டு. ஆறு போண்டாக்கள், மார்கழிக் காற்றில், யாரையும் சிரிக்க வைக்காமல். ஆட்டம் முடியும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு விழுந்தது.